கடனின் ஆயுளும் காரின் ஆயுளும்



விழா மேடையில் பழைய காரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பெரும்பொருள்களுள் வீட்டிற்கு அடுத்த நிலையில் நிற்பது கார். நிலத்தையோ பொன்னையோ வாங்கும்போது நான்கு பேரிடம் கருத்துக் கேட்கும் குடும்பங்கள், பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பழைய காரைக் கடன்பட்டு வாங்கும்போது ஒரே மாலையில் முடிவெடுத்து விடுகின்றன. அந்த ஒரு மாலையின் முடிவு, அடுத்த நான்கைந்து ஆண்டுகளின் மனஅமைதியை விலையாகக் கேட்க வல்லது. ஆகவே இஃது இல்லறத்தைப் பற்றிய பேச்சே ஆகும்.

பழைய கார் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பர். ‘வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?’ என்பது ஒன்று. ‘மாதத் தவணை எவ்வளவு?’ என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டிய கேள்விகளே. ஆயினும் இவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. கடன் முடியும் நாளில் கார் எந்த நிலையில் இருக்கும் என்பதே அது. கடனுக்கு ஓர் ஆயுள் உண்டு. காருக்கும் ஓர் ஆயுள் உண்டு. காரின் ஆயுள் நீண்டிருந்தால் அக்கடன் துணையாகும். கடனின் ஆயுள் நீண்டிருந்தால், ஓடாத வண்டிக்கு மாதந்தோறும் பணம் கட்டும் நிலை வரும். இவ்வுரை சொல்ல விழைவது இவ்வொன்றையே.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்பது எளிது. வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதியவரான தந்தை, தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் மகன், மருமகள், பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இருவர். தந்தையாருக்குச் சிறுநீரகம் செயல் குன்றிவிட்டது. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளக் காஞ்சிபுரம் செல்ல வேண்டும். போக வர 90 கிலோமீட்டர். சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். முடிந்து தளர்ந்த உடலோடு பேருந்தில் நின்றுகொண்டு வீடு திரும்புவது எளிய செயலன்று. மகனின் மாத வருவாய் 45,000 ரூபாய். வீட்டின் கையிருப்பு 1,80,000 ரூபாய்.

பழைய கார் விற்கும் வணிகர் ஒருவர் அவருக்கு ஒரு டீசல் காரைக் காட்டுகிறார். வயது 7 ஆண்டு; ஓட்டம் 1,30,000 கிலோமீட்டர்; விலை 4,20,000 ரூபாய். முன்பணம் 1,20,000 போக, 3,00,000 ரூபாய்க்குக் கடன் ஏற்பாடு செய்து தருவதாகவும், நான்காண்டுகளுக்கு மாதம் 8,500 ரூபாய் கட்டினால் போதும் என்றும் சொல்கிறார். ‘வட்டி வெறும் 9 விழுக்காடுதான் சார்’ என்பது அவர் கூறும் நிறைவுரை. மகனின் மனம் இசைந்துவிடுகிறது.

இங்கே கார் ஆடம்பரம் அன்று, தேவை. தேவை என்பதனால்தான் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது. சுற்றுலா செல்லும் நாளில் வண்டி நின்றுவிட்டால் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகும். டயாலிசிஸ் நாளில் வழியில் நின்றுவிட்டால் நோயாளியின் உடல் காத்திராது. தவணை தவறி வண்டியையே நிதி நிறுவனம் எடுத்துக்கொண்டால், பணமும் போய்ப் பயணமும் போய்விடும். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்று முன்னோர் சொன்னது இத்தகைய இடத்திற்கே.

முதற்கண் கிலோமீட்டரைக் காண்போம். 7 ஆண்டில் 1,30,000 என்றால் ஆண்டிற்கு ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர். இந்த எண்ணைக் கேட்டவுடன் அஞ்சுவதும் தவறு; இதனைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு. நெடுஞ்சாலையில் சீராக ஓடி, உரிய காலத்தில் எஞ்சின் ஆயில் மாற்றப்பட்ட வண்டி, நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய 60,000 கிலோமீட்டர் வண்டியைவிட நன்றாக இருக்கக்கூடும். நன்கு பேணப்பட்ட டீசல் எஞ்சின் 2,00,000 கிலோமீட்டரைக் கடந்தும் உழைப்பது அரிதன்று. ஆயினும் எஞ்சின் மட்டுமே கார் ஆகாது. கிளட்ச், சஸ்பென்ஷன், வீல் பேரிங், பிரேக், டயர், பேட்டரி, குளிர்சாதனம் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தேய்மானக் காலம் உண்டு. டீசல் வண்டியாயின் டர்போவும் இன்ஜெக்டர்களும் செலவு மிகுந்த உறுப்புகள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதனைக் குறித்த காலத்தில் மாற்றாவிடில், அது அறுந்து எஞ்சினையே கெடுக்கும். இக்குடும்பம் ஆண்டிற்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் என்று கொண்டால், நான்காண்டில் 48,000 கிலோமீட்டர் ஆகும். கடன் முடியும் நாளில் வண்டி 1,78,000 கிலோமீட்டரில் நிற்கும். மேற்சொன்ன உறுப்புகளுள் பல, கடன் நடந்துகொண்டிருக்கும் போதே மாற்றத்தைக் கேட்கும் என்பது இதன் பொருள்.

மீட்டரில் தெரியும் எண் உண்மையான எண்தானா என்பது அடுத்த ஐயம். மீட்டரைக் குறைத்துக் காட்டும் கைவேலை நாடறிந்தது. அதனைக் கண்டறியச் சில வழிகள் உள்ளன. சர்வீஸ் செய்த ஒவ்வொரு முறையும் பட்டியலில் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அவற்றை வரிசையாகப் பார்த்தல் வேண்டும். மீட்டர் 50,000 என்று காட்ட, கால்மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்தும், ஸ்டீயரிங்கின் மேற்புறம் பளபளத்தும், ஓட்டுநர் இருக்கை அமுங்கியும் இருந்தால் ஏதோ பொருந்தவில்லை என்று அறியலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்பது பொருள். டயர் எக்காலத்திற்குப் பின் மாற்றப்பட்டிருக்கும் என்பதை அதனால் ஊகிக்கலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் வண்டியைப் பார்க்கச் செல்வது நன்று. முன்னரே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்பது குறிப்பு. ஆயில் மூடியின் உட்புறம் பால்போன்ற படிவு கண்டால், குளிர்விக்கும் நீர் ஆயிலோடு கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி கழுவித் துடைக்கப்பட்டு வேறூருக்கு விற்பனைக்கு வரக்கூடும். தரை விரிப்பைத் தூக்கி வண்டல் படிந்துள்ளதா என்றும், இருக்கையின் அடித்தண்டில் துரு உள்ளதா என்றும் பார்ப்பது பயனுடையது. இவை எல்லாம் தெரிந்தவர்போல் நடிப்பதைவிட, விற்பவருக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது சிறந்தது. அக்கூலி வீண் செலவன்று. வாங்காமல் திரும்பிய வண்டிக்குக் கொடுத்த கூலியே அந்த ஆண்டில் கிடைத்த பெரிய ஆதாயமாகவும் அமையலாம்.

இனி வட்டிக் கணக்கு. ‘9 விழுக்காடு’ என்று வணிகர் கூறியது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அவர் கூறியது ஃபிளாட் வட்டி. 3,00,000 ரூபாய்க்கு ஆண்டிற்கு 27,000 வீதம் நான்காண்டிற்கு வட்டி 1,08,000 ரூபாய். அசலோடு கூட்டினால் 4,08,000. அதனை 48 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 8,500. இதில் உள்ள நுட்பம் யாதெனில், மாதம் 6,250 ரூபாய் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 3,00,000 ரூபாய்க்கே கணக்கிடப்படுகிறது. கடைசி மாதத்தில் எஞ்சி நிற்கும் அசல் 6,250 ரூபாய்தான். அதற்கும் வட்டி 2,250 ரூபாய். நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால், உண்மை வட்டி ஆண்டிற்கு ஏறத்தாழ 16 விழுக்காடு ஆகிறது. வீட்டுக்கடன் வட்டியோடு இந்த 9 விழுக்காட்டை ஒப்பிட்டு ‘பரவாயில்லை’ என்று மகிழ்வது, மரக்காலையும் படியையும் ஒன்றென்று கொள்வது போலாகும்.

இக்குழப்பத்தை நீக்க இந்திய ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்கள் பெறும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முன்கூட்டியே தருதல் வேண்டும். வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்து கடனின் உண்மையான ஆண்டு விலை எவ்வளவு என்பது அதில் ஒரே எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வறிக்கை கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். சிந்தித்துப் பார்க்கக் குறைந்தது 3 வேலை நாட்கள் அவகாசமும் உண்டு. அறிக்கையில் சொல்லப்படாத கட்டணத்தைக் கடன் பெற்றவரின் வெளிப்படையான இசைவின்றி வசூலிக்க இயலாது. ஆதலால் ‘இன்றே கையெழுத்திட வேண்டும், நாளை வண்டி இராது’ என்று எவரேனும் விரைவுபடுத்தினால், அவ்விரைவே ஓர் எச்சரிக்கை எனக் கொள்ளலாம். முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் உண்டா, தவணை தாமதமானால் அபராதம் எவ்வளவு என்னும் இரண்டையும் கையெழுத்திற்கு முன்பே படித்தறிவது கடமை.

இப்போது கடனின் ஆயுளையும் காரின் ஆயுளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டாண்டுகள் தவறாமல் தவணை கட்டியபின் ஏதோ ஒரு காரணத்தால் வண்டியை விற்க நேர்கிறது என்று வைத்துக்கொள்க. அதுவரை கட்டியது 2,04,000 ரூபாய். ஆயினும் நிலுவையில் நிற்பது ஏறத்தாழ 1,73,600 ரூபாய். கட்டியதில் 1,26,400 மட்டுமே அசலில் கழிந்திருக்கும். அந்நேரம் வண்டி 9 வயதையும் 1,54,000 கிலோமீட்டரையும் எட்டியிருக்கும். பெரும்பழுது ஒன்று நேர்ந்திருந்தால், விற்ற விலை கடனை அடைத்து மீதி தருமா என்பது ஐயமே. தொடக்கத்தில் மெதுவாகக் குறைவது கடன். விரைவாகத் தேய்வது பழைய வண்டி. நீண்ட தவணையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தவணைக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டினால் மாதத் தொகை 7,250 ஆகக் குறையும். வட்டியோ 1,35,000 ஆக ஏறும். கைக்கு எளிதாகத் தோன்றுவது கணக்கில் கடியதாகிறது.

இக்குடும்பத்தில் கணக்கு இவ்வளவில் நின்றுவிடவில்லை. மகன் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது மருமகள் ஒன்று கேட்டார்: ‘சிகிச்சை நாள் புதனும் சனியும். அன்று உங்களுக்கு வேலை. வண்டியை யார் ஓட்டுவது?’ எந்த வணிகரும் கேட்காத கேள்வி அது. வாடகைக் காருக்கு ஒரு பயணத்திற்குக் காத்திருப்பு உட்பட 2,000 ரூபாய் எனக் கொண்டால், மாதம் 9 பயணங்களுக்கு 18,000 ரூபாய். சொந்தக் கார் என்றால் தவணை 8,500, மாதம் 1,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வீதமும் டீசல் 93 ரூபாய் வீதமும் ஏறத்தாழ 5,200, காப்பீட்டிற்கு 1,000, பழுதுக்கும் டயருக்கும் ஒதுக்க 3,000. கூடுதல் 17,700 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒவ்வொரு பயணத்திற்கும் ஓட்டுநருக்கு 800 ரூபாய் கொடுக்க வேண்டுமானால் மேலும் 7,200 சேர்ந்து 24,900 ஆகிவிடும். அப்போது வாடகைக் காரே மேல். தவணையையும் டீசலையும் மட்டும் கூட்டிப் பார்க்கும் குடும்பங்கள் பழுதுச் செலவையும் ஓட்டுநர் கூலியையும் விட்டுவிடுகின்றன. கணக்கில் விட்டதனால் செலவு வராமல் இருப்பதில்லை.

மருமகளிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. பல ஆண்டுகள் ஓட்டாமல் விட்டிருந்தார். மீண்டும் பயிற்சி பெற்றுத் தாமே ஓட்டுவதாக அவர் முன்வந்தார். அதனால் சொந்தக் கார் என்னும் எண்ணம் உயிர்பெற்றது. அதே வேளையில் மற்றொரு கடமையும் பிறந்தது. தளர்ந்த மாமனாரைப் பின்னிருக்கையில் அமர்த்தித் தனியாக ஓட்டிவரும் ஒரு பெண்ணுக்கு வழியில் நின்றுவிடாத வண்டி வேண்டும். விலையைவிட நம்பகம் பெரிதாயிற்று.

ஆகவே அக்குடும்பம் வேறொரு வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வயது 9 ஆண்டு. ஆனால் 70,000 கிலோமீட்டரே ஓடிய சிறிய பெட்ரோல் கார். விலை 2,70,000 ரூபாய். அதே முன்பணம் 1,20,000 போகக் கடன் 1,50,000. அதே 9 விழுக்காடு ஃபிளாட் வட்டியில் இரண்டே ஆண்டுகளுக்கு மாதம் 7,375 ரூபாய்; மொத்த வட்டி 27,000. டீசல் காருக்கான வட்டி 1,08,000 என்பதை நினைவிற் கொள்க. வட்டியில் மட்டும் வேறுபாடு 81,000 ரூபாய்.

‘டீசல் வண்டியில் எரிபொருள் மிச்சமாகுமே’ என்பது மகனின் வாதம். அதுவும் சரியே. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் என்றும், பெட்ரோல் 101 ரூபாய் என்றும் கொண்டால் மாதச் செலவு ஏறத்தாழ 6,700 ரூபாய். டீசலைவிட மாதம் ஏறக்குறைய 1,570 ரூபாய் கூடுதல். நான்காண்டில் அது ஏறத்தாழ 75,000 ரூபாய். டீசல் தரும் மிச்சம் முழுவதையும் நீண்ட கடனின் வட்டியே விழுங்கிவிடுகிறது; மேலும் சிறிது கேட்கிறது. டீசல் கார் நான்காண்டு கழித்து விற்கும்போது சற்று மிகுந்த விலை பெறலாம் என்பது உண்மை. எனினும் அந்த நம்பிக்கை, நடுவில் பெரும்பழுது எதுவும் நேராமல் இருப்பதைப் பொறுத்தது.

மாதக் கணக்கைப் பார்த்தால் முதல் இரண்டாண்டுகள் இரு வண்டிகளுக்கும் செலவு ஏறத்தாழ 18,000 ரூபாய்தான். மூன்றாம் ஆண்டு முதல் பெட்ரோல் காருக்குத் தவணை இல்லை. செலவு 10,700 ரூபாயாக இறங்குகிறது. கடன் முடியும் நாளில் அவ்வண்டியின் ஓட்டம் 94,000 கிலோமீட்டர். டீசல் காருக்கோ அந்த நாளில் 1,78,000. கடன் முடிந்தபின்னும் ஒரு வண்டியில் ஆயுள் மிச்சமிருக்கும். மற்றொன்றில் கடன் முடிவதற்குள் ஆயுளின் பெரும்பகுதி கழிந்திருக்கும். எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இதனால் அதிகம் ஓடிய காரை எவரும் வாங்கவே கூடாது என்பது கருத்தன்று. சர்வீஸ் பதிவுகள் ஒழுங்காக இருந்து, மெக்கானிக் நன்றென்று சொல்லி, ஓட்டத்திற்கேற்ப விலையும் குறைந்திருந்தால், கைப்பணத்தில் வாங்குவதில் பிழையில்லை. பழுது நேர்ந்தாலும் தவணை என்னும் சுமை அப்போது தோளில் இராது. சுருங்கச் சொன்னால், அதிகம் ஓடிய வண்டியைக் கைப்பணத்தில் வாங்கலாம். குறைவாக ஓடிய வண்டிக்குக் குறுகிய கடன் படலாம். அதிகம் ஓடிய வண்டிக்கு நீண்ட கடன் படுதல் ஆகாது. எவ்வாறாயினும் கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிடலாகாது. இக்குடும்பம் 60,000 ரூபாயைத் தொடாமல் வைத்துக்கொண்டது. பெயர் மாற்றம், முதல் சர்வீஸ், எதிர்பாராத மருத்துவச் செலவு ஆகியவற்றிற்கு அதுவே காப்பு. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழி வண்டிக்கும் பொருந்தும்.

வண்டி நன்று, கடன் சிறிது என்றாலும் ஆவணங்கள் செம்மையாக இல்லாவிடில் அனைத்தும் வீண். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பெற்ற கடன் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் எனப் பதிவாகியிருந்தால், கடன் அடைந்ததற்கான கடிதமும் 35ஆம் எண் படிவமும் நிதி நிறுவனத்திடமிருந்து பெற்றாக வேண்டும். இவ்விவரங்களைப் பரிவாஹன் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். போக்குவரத்து அபராதம் ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதும் தெரியவரும். விற்பவர் தரும் 29ஆம் எண் படிவமும், பெயர் மாற்றத்திற்கான 30ஆம் எண் படிவமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்கப்பட வேண்டும். ஒரே மாநிலத்திற்குள் விற்பவருக்கு 14 நாளும், வாங்குபவருக்கு 30 நாளும் சட்டம் தரும் காலக்கெடு. காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது, வண்டியோடு வராது.

விற்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வண்டியைக் கொடுத்துவிட்டோம், பணம் வந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று இருந்துவிடுதல் தவறு. ஆர்.சி.யில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு உறங்குவது, பூட்டாத வீட்டில் உறங்குவது போன்றது.

உறவுகளைத் தொடும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிதி நிறுவனம் ஜாமீன் கேட்கும்போது, அச்சமில்லாமல் அணுகக்கூடியவர் தங்கையின் கணவர் அல்லது மைத்துனர். ‘ஒரு கையெழுத்துதானே மாப்பிள்ளை’ என்று கேட்பது எளிது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் பெற்றவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. தவணை தவறினால் அறிவிப்பு அவர் வீட்டிற்கும் செல்லும். நாலு வீடு கொண்டு கொடுத்து வாழும் சிறிய சமூகத்தில், ஒரு பழைய காருக்காகப் பிறந்தகமும் புகுந்தகமும் முகம் பாராமல் போவது பேரிழப்பு. ஆகவே கடன் பெறுபவர் தம் முழுக் கணக்கையும் ஜாமீன்தாரர்முன் வைத்த பின்னரே கையெழுத்துக் கேட்டல் முறை. கேட்கப்படுபவரும், தம்மால் அத்தொகையைக் கட்ட இயலுமா என்று எண்ணிப் பார்த்து, இயலாது எனின் கனிவோடு மறுப்பது பகையாகாது.

தவணை தவறும் நிலை வந்தால் ஒளிந்துகொள்வது தீர்வன்று. முதல் தவணை தவறும் முன்னரே நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்துக் கால நீட்டிப்புக் கேட்கலாம். அடியாட்களைக் கொண்டு மிரட்டி வண்டியைப் பறிக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலேயே வன்மையாகக் கண்டித்துள்ளது. ஆயினும் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தம் நிறுவனத்திற்குத் தந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அக்குடும்பத்தின் முதியவர் முதலில் காரே வேண்டாம் என்றார். ‘எனக்காக நீ கடன்படாதே; நான் பேருந்திலேயே போய் வந்துவிடுவேன்’ என்பது அவர் சொல். பெற்றோர் பலர் உள்ளத்தில் உறங்கும் சொல் அது. தம்மால் பிள்ளைக்குச் சுமை வந்ததே என்னும் வருத்தம் நோயினும் கொடிது. மகன் இரு வண்டிகளின் கணக்கையும் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்தார். தவணை இருபத்துநான்கு மாதத்தில் முடியும் என்பதையும், வாடகைக்குக் கொடுக்கும் தொகையே தவணையாக மாறுகிறது என்பதையும், 60,000 ரூபாய் கையில் இருக்கிறது என்பதையும் அவர் கண்ணாடி அணிந்து வரிவரியாகப் படித்தார். கடைசியில், ‘இரண்டு வருடம்தானே, சரி’ என்றார். மறைத்துப் பட்ட கடனாயின் அந்தச் ‘சரி’ கிடைத்திராது.

கடன் வாங்குவதா வேண்டாமா என்பதை வணிகரின் மேசையில் முடிவு செய்யாமல், வீட்டுக் கூடத்தில் அனைவரும் அமர்ந்து முடிவு செய்யுங்கள். சம்பாதிப்பவர் மட்டுமன்றி, ஓட்டப்போகிறவரும் பயணம் செய்யப்போகிறவரும் அங்கே பேசட்டும். ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள். கடன் எந்நாளில் முடியும் என்பதை ஒரு கோட்டிலும், அந்நாளில் வண்டியின் வயதும் ஓட்டமும் எவ்வளவு என்பதை மறு கோட்டிலும் குறியுங்கள். வண்டியின் கோடு கடனின் கோட்டைக் கடந்து தெளிவாக நீண்டிருந்தால் துணிந்து வாங்குங்கள். நீளவில்லை எனில், வண்டி எத்துணை அழகாக இருந்தாலும், வணிகருக்கு நன்றி கூறி வீடு திரும்புங்கள்.